ஃபைல் கீழே இறங்காது

என்னைப் பற்றி நாற்பத்தொரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். பதினோரு வருஷத்து எழுத்து. அதில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை, ஒரு வரியையும் எனக்குக் காட்டியதில்லை. ஃபைலைக் குழந்தை பார்க்கக் கூடாதாம், அது விதியாம். அந்தக் குழந்தைக்கு அடுத்த மாதம் இருபத்தாறாம் தேதி பதினெட்டு வயது முடிகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் தொண்ணூற்றொரு மதிப்பெண் வாங்கியிருக்கிறது. கோபம் வந்தால் அதன் வாயில் நல்ல வார்த்தை வராது. ஆனாலும் குழந்தைதான்.

திங்கட்கிழமை விசிட் அக்கா வந்தாள். என்னைப் போல வேறொருவர் வீட்டில் வளர்கிற பிள்ளைகளை மாதம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவது அவள் வேலை. வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பாள், என் படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பாள், பிறகு சோபா நுனியில் உட்கார்ந்து அத்தையிடம், நல்லா சாப்பிடுதா, நல்லா தூங்குதா என்று கேட்பாள். நான் எதிரில்தான் இருப்பேன். போன மாதம் பொறுக்க முடியாமல், தூங்குது அக்கா, நடுவில் ரெண்டு தடவை குரைக்கவும் செய்யுது என்று சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. 'குழந்தை எதிர்த்துப் பேசுகிறது' என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது, இருந்தாலும் படித்துவிட்டேன்.

இந்தத் தடவை ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அத்தையிடம் நீட்டினாள். பதினெட்டு முடிந்தால் வளர்ப்பு வீட்டில் இருக்க முடியாது. படிப்பைத் தொடர்கிறவர்களுக்கு மட்டும் இருபத்தொன்று வரை நீட்டிப்பு உண்டு. அதற்கு நாங்கள் மனு போட்டிருந்தோம். எனக்கு மருந்தாளுநர் படிப்பில் இடம் கிடைத்த கடிதத்தையும் வைத்திருந்தோம். பதில் வந்திருந்தது, இல்லை என்று. காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: 'குழந்தைக்குப் படிப்பு ஏறாது.' இருபத்தேழாம் தேதி என்னை ஊருக்கு வெளியே இருக்கிற, பதினெட்டு தாண்டியவர்களுக்கான இல்லத்துக்கு மாற்ற வேண்டுமாம். அங்கே காகித உறை ஒட்டக் கற்றுக்கொடுப்பார்களாம்.

அத்தை அந்த வரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்து என் மதிப்பெண் பட்டியலைக் கொண்டு வந்து சோபாவின் கைமேல் வைத்தாள். விசிட் அக்கா அதைத் தொடாமலே பார்த்தாள். அவளுக்கும் சங்கடம்தான், சும்மா சொல்லக் கூடாது. மதிப்பெண் எல்லாம் சரி, ஆனால் ஃபைலில் ஒன்பது வருஷமாக இப்படித்தான் இருக்கிறது, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் வேறு ஆள் உட்கார்ந்து எழுதுவதும் உண்டில்லையா, மேலே அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றாள்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. எனக்கு வராதது கால். கை நன்றாக வரும். இந்த மாதிரிப் பிள்ளை என்றால் எந்த மாதிரி? இரண்டு கையையும் அவள் முகத்துக்கு நேராக நீட்டி விரலை மடக்கி மடக்கிக் காட்டினேன். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணாலேயே போதும் என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம், குழந்தை நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு விசிட் அக்கா கிளம்பினாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் பொறுமையா பேசுங்க பாப்பா, ஆபீஸ்ல எல்லாம் வயசானவங்க," என்றாள். பொறுமையாம்.

நான் எத்தனை வீடு பார்த்தவள் என்று இவர்களுக்குத் தெரியாதா என்ன, அவர்களே அனுப்பியதுதானே. முதல் வீட்டில் 'அம்மா' என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டேன். அந்த வீட்டு அம்மாவுக்கே உடம்பு சரியில்லாமல் போக, இரண்டு வருஷத்தில் அந்த வார்த்தை தீர்ந்துவிட்டது. இரண்டாவது வீட்டில் பெரியம்மா. மூன்றாவது வீட்டில் ஆன்ட்டி. நான்காவதாக இந்த வீட்டுக்கு வந்தபோது கைவசம் மிச்சம் இருந்தது அத்தைதான். அவளுக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது, அதனால் என்னை விட்டால் அவளை அத்தை என்று கூப்பிட உலகத்தில் ஆளே இல்லை. அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்த இரண்டாவது வீட்டைச் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டு தடியை ஊன்றி நடக்கிற எட்டு வயசுப் பிள்ளையை மூன்றாம் மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். ஐம்பத்திநாலு படி. முதுகைத் திருப்பி உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கத்தால் ஒவ்வொரு படியாக ஏறுவேன். பாவாடை வாரத்துக்கு ஒன்று கிழியும், பெரியம்மா திட்டிக்கொண்டே தைப்பாள். அதே வாரம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் இருந்தவளை ஒன்றாம் வகுப்பில் போட்டார்கள். நான் எதுவும் தப்புப் பண்ணிவிட்டேனோ என்று நினைத்து அழுதேன். பிறகு தனி வகுப்பு, பிறகு காகித உறை. வீடு மேலே போயிற்று, வகுப்பு கீழே போயிற்று. ஏன் என்று யாரைக் கேட்டாலும் ஃபைல் என்பார்கள். தனி வகுப்பு டீச்சர் ஒருத்தி பாவம், யாரையும் கேட்காமல் எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பாரம் நிரப்பி அனுப்பினாள், அதனால்தான் இன்றைக்கு இவ்வளவாவது பேசுகிறேன்.

அந்தப் படி ஏறுகிற வித்தையைப் பதினைந்து வயதில் விட்டேன். பள்ளிக்கூட விழாவுக்கு யாரோ விருந்தாளி வந்தார். மேடைக்கு ஏழு படி. நான் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு ஆளுக்குக்கூட ஒரு பலகையைச் சாய்த்து வைக்கத் தோன்றவில்லை, கைதட்டத் தோன்றியது. அன்றைக்கே முடிவு பண்ணினேன், இனி இந்தப் பிறவியில் பின்பக்கத்தால் படி ஏற மாட்டேன் என்று.

அத்தை லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்குகிறவள், வீட்டுக்கு வந்தும் ஏறணுமா என்று கீழ் வீடாகப் பார்த்துக் குடி வந்தவள். நான் அங்கே வந்து சேர்ந்தது தற்செயல். இடம் கிடைத்த கல்லூரிக்கு என்னைக் கேட்காமலே ஒரு நாள் போய், அங்கே இருக்கிற லிஃப்டில் நாலு தடவை ஏறி இறங்கிப் பார்த்து, கதவு மூடுகிற வேகம் அதிகம் என்று அங்கே இருந்த ஆளிடம் சண்டை போட்டுக் குறைக்க வைத்துவிட்டு வந்தாள். இதை அவள் சொல்லவில்லை. கல்லூரிக் காவலாளி சொன்னார். அப்படிப்பட்ட ஆளை விட்டுவிட்டு நான் போய் உறை ஒட்ட வேண்டுமாம். எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் போனோம். அலுவலகம் இரண்டாம் மாடி. கீழே இடதுபக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை, வலதுபக்கம் லிஃப்ட். லிஃப்டின் கதவில் 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்தக் காகிதமே பழுப்பாகி, ஓரம் சுருண்டு, அதன்மேல் யாரோ ஃபோன் நம்பர் எழுதி வைத்திருந்தார்கள். அத்தை கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். கதவு முழுசாக மூடியது என்று மேலே தகவல் போகிற சின்னக் கம்பி விட்டுப்போயிருக்கிறது, பத்து நிமிஷ வேலை என்றாள். கருவிப் பை ஸ்கூட்டரில்தான் இருந்தது.

மாடிப்படித் திருப்பத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அந்த அலுவலகத்துக் குமாஸ்தா. எதைக் கேட்டாலும் விதி என்று ஆரம்பிப்பார், அதனால் நான் வைத்த பெயர் விதி சார். லிஃப்டில் கை வைக்கக் கூடாது, அது வேறு கம்பெனி ஒப்பந்தம், அனுமதி வேண்டுமென்றால் மனு எழுதி மேலே வந்து கொடுக்கலாம் என்றார். என் ஆட்சேபணையைத் தானே மேலே கொண்டுவந்து கொடுக்கலாமா என்று அத்தை கேட்டாள். கூடாது, குழந்தை நேரில் வர வேண்டும். அப்படியானால் ஃபைலைக் கீழே கொண்டு வாருங்கள், குழந்தை கீழேதான் நேரில் நிற்கிறது என்றாள்.

"ஃபைல் கீழ இறங்காதும்மா," என்றார் விதி சார். "அது விதி."

நான் ஏற மாட்டேன், ஃபைல் இறங்காது. நடுவில் நாற்பது படி.

அத்தை குனிந்து என் காதருகே வந்து, தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். அவளால் முடியும், மோட்டாரையே தூக்குகிறவள். வேண்டாம் என்றேன். பதினேழு வயசுப் பெண்ணை மூட்டை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு போய், இவளுக்குப் படிப்பு ஏறும் என்று சொன்னால் எவன் நம்புவான்? விதி சார் மேலிருந்தே யோசனை சொன்னார், மெதுவாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாமே, இரண்டாவது வீட்டில் இருந்தபோது ஏறியதாகப் பதிவு இருக்கிறதே என்று. ஏறினால் நேரில் பார்த்ததாக எழுதிக்கொள்கிறேன் என்று வேறு சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று அத்தைக்கு உடனே புரிந்தது, என் கையைப் பிடித்து அழுத்தினாள். கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்ததே படி ஏற முடியாதவள் என்ற டாக்டர் சான்றிதழின் பேரில். இவர் 'ஏறியது' என்று ஒரு வரி எழுதினால் அதுவும் போச்சு. ஏறினாலும் மாட்டினேன், ஏறாவிட்டாலும் மாட்டினேன். இந்த மாதிரி ஒரு கண்ணியை யோசித்து வைத்திருந்தால்கூட மரியாதையாக இருக்கும். இவர்கள் யோசிக்காமலே வைத்திருந்தார்கள்.

ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, ஆத்திரத்தில் வருகிற அழுகை. கடை நடத்துகிற அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள், என்ன ஏது என்று கேட்கவில்லை. நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே அலுவலக உதவியாளர் ஒருத்தி படி இறங்கி வந்து, கக்கத்தில் இருந்த நாலு ஃபைலைக் கவுண்டரில் போட்டுவிட்டு, ஒவ்வொன்றிலும் அடையாளக் கொடிச் சீட்டு வைத்த பக்கம் இரண்டு பிரதி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். இது என்ன அக்கா, ஃபைல் கீழே இறங்காது என்றார்களே என்று கேட்டேன். ஜெராக்ஸ் அக்கா சிரித்துவிட்டாள். மேலே மெஷின் கெட்டு மூணு வருஷம் ஆயிற்று, தினம் முப்பது ஃபைல் இங்கேதான் இறங்குகிறது, தன் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது என்றாள்.

அத்தையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தை ஒரு வெள்ளைத்தாள் வாங்கினாள். நான் எழுதினேன்: மறுப்புக்குக் காரணமான பக்கத்துக்கும், அந்த வரி முதலில் எழுதப்பட்ட பக்கத்துக்கும் பிரதி வேண்டும், பிரதி இல்லாமல் ஆட்சேபணை எழுத இயலாது. அத்தை அதை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள். மேலே என்ன பேசினாள் என்று தெரியாது, குரல் மட்டும் கேட்டது. இருபது நிமிஷம் கழித்து டீ குடிக்கப் போன உதவியாளர் என் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினாள். பிரதி கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதும் விதியாம். விதி சார் பாவம், விதிக்கு விதி முட்டிக்கொண்டால் சின்ன விதி எது என்று பார்த்து விட்டுக்கொடுப்பார்போல.

என் ஃபைலை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன். பச்சை அட்டை, மேல் மூலை கிழிந்து ஒட்டுப்போட்டது. ஜெராக்ஸ் அக்கா அதைக் கவுண்டரில் என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, தாள் தீர்ந்துவிட்டது, எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனாள். மெஷினில் தாள் நிறைய இருந்தது. நல்லவள்.

கொடி வைத்திருந்த பக்கங்களில் முதலாவது, எனக்கு எட்டு வயதில் எழுதினது. உருண்டை உருண்டையாக அழகான கையெழுத்து. 'குழந்தைக்குப் படிப்பு ஏறாது. கீழ் வகுப்பில் போடவும்.' இதுதான் என்னை மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறக்கின வரி. பக்கத்தின் தலைப்பில், முந்தைய மருத்துவக் குறிப்பைப் பார்த்து எடுத்து எழுதியது என்று இருந்தது. அந்தக் குறிப்பு ஃபைலின் முதல் பக்கம். ஆறு வயதில் என்னைப் பார்த்த டாக்டர் எழுதினது. டாக்டர் கையெழுத்துதான், கொஞ்சம் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு வரி 'குழந்தை' என்று முடிந்தது. அடுத்த வரி ஓரத்தில் 'படி' என்று தொடங்கியது, அதை ஒட்டி ஃபைல் கயிறு கோர்க்கப் போட்ட ஓட்டை, ஓட்டைக்கு அந்தப் பக்கம் 'ஏறாது. கீழ்த்தளம் கொடுக்கவும்.'

குழந்தை படி ஏறாது. கீழ்த்தளம் கொடுக்கவும்.

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓட்டை எந்த எழுத்தையும் தின்னவில்லை. 'படி'க்கும் 'ஏறாது'க்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தில்தான் விழுந்திருந்தது. ஆனால் அடுத்து எடுத்து எழுதின புண்ணியவான், ஓட்டையில் ரெண்டெழுத்து போய்விட்டது என்று நினைத்து, தானே யோசித்து, தானே நிரப்பிவிட்டார். படிப்பு என்று ஆனதும் குழந்தை குழந்தைக்கு ஆகிவிட்டது, கீழ்த்தளம் பொருந்தவில்லை, அதையும் கீழ் வகுப்பு என்று திருத்திவிட்டார். அதனால் படி ஏற முடியாது என்கிற விஷயமே ஃபைலிலிருந்து காணாமல் போயிற்று, நான் மூன்றாம் மாடிக்குப் போனேன். ஐம்பத்திநாலு படி, நாலு வருஷம். காகித உறை எத்தனை ஆயிரமோ. எல்லாம் ஒரு ஓட்டையால்.

அத்தை பக்கத்தில் வந்து நின்று படித்தாள். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்துகொண்டு, முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த அழுகை போய்விட்டது.

டாக்டர் பக்கத்தையும் சேர்த்து எடுத்த ஜெராக்ஸில் அந்த ஓட்டை கறுப்புப் பொட்டாக விழுந்தது. மணி பன்னிரண்டே முக்கால். மேலே இருக்கிறவர்கள் சாப்பாட்டுக்கு இறங்கித்தானே ஆக வேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன். போய் முதல் படியில், நட்ட நடுவில் உட்கார்ந்தேன். ஒரு தடியை இடதுபக்கம் சுவர் வரைக்கும் நீட்டினேன், இன்னொன்றை வலதுபக்கம் கைப்பிடி வரைக்கும் நீட்டினேன். ஒன்று ஐந்துக்குப் பெரிய மேடம் இறங்கி வந்தார், ஒரு கையில் சாப்பாட்டுப் பை, ஒரு கையில் ஃபோன். மறுப்பில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். பின்னால் விதி சார்.

"கொஞ்சம் வழி விடும்மா."

"விடறேன் மேடம். ரெண்டு வரி படிச்சுக் காட்டிட்டு விடறேன்," என்றேன்.

பிரதியைத் தூக்கிப் பிடித்து இரண்டு வரியையும் உரக்கப் படித்தேன், முதலில் டாக்டருடையது, பிறகு மற்றது. நடுவில் கறுப்புப் பொட்டையும் விரல் வைத்துக் காட்டினேன். பெரிய மேடம் ஃபோனைப் பைக்குள் போட்டார். பிரதியை வாங்கிப் பார்த்தார். மூலத்தைக் கேட்டார், ஜெராக்ஸ் அக்கா ஓடி வந்து ஃபைலைக் கொடுத்தாள். அவர் அந்த ஓட்டைக்குப் பின்னால் தன் விரலை வைத்துப் பார்த்தார், எழுத்து ஏதாவது பாதியில் நிற்கிறதா என்று. எதுவும் நிற்கவில்லை. பிறகு எடுத்து எழுதின பக்கத்தைத் திருப்பி, "இது யாரோட கை?" என்று கேட்டார்.

நான் விதி சாரைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையில் செருகியிருந்த வருகைச் சீட்டிலும் அதே உருண்டைக் கையெழுத்து இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நான்தான் மேடம். அப்போ வேலைக்கு வந்து ஒரு மாசம்," என்றார். "வரி பாதியா நின்ன மாதிரி இருந்துது. குழந்தை பாவமேன்னு முழுசாக்கி எழுதினேன்."

எனக்குத் திட்டுவதற்கு வாய் நிறைய இருந்தது. வருஷக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் குழந்தை பாவமே என்று அவர் சொன்னவிதத்தில் அது நிஜம் என்று தெரிந்தது, அதில்தான் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஆறிப் போயிருப்பேன். இவர் எனக்கு உதவி பண்ணியிருக்கிறார். ஒன்பது வருஷம் நான் அந்த உதவியில்தான் இருந்திருக்கிறேன். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, இதைப் படி பார்க்கலாம் என்று கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அதை மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

பெரிய மேடம் படியிலேயே நின்றுகொண்டு, மறுப்பை ரத்து பண்ணி எழுதிக் கொண்டு வாருங்கள் என்றார். விதி சார் தயங்கினார். முதலில் மூல வரியைத் திருத்த வேண்டும், அதில் மேடம் கையெழுத்து விழ வேண்டும், அப்புறம்தான் அதை ஆதாரமாக வைத்து ரத்து பண்ண முடியும். சரி, இங்கேயே எழுதுங்கள் என்றார் மேடம். விதி சார் என் பக்கத்துப் படியில் உட்கார்ந்து ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பழைய வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் கீழே உருண்டை எழுத்தில் 'குழந்தை படி ஏறா' வரைக்கும் எழுதினார்.

நான் அவர் பேனா மேல் கையை வைத்துவிட்டேன்.

"ஏறாதுன்னு எழுதாதீங்க சார்."

அவர் குழம்பிப்போனார். அதுதானே டாக்டர் எழுதினது என்றார். ஆமாம், அதனால்தான் இவ்வளவும் வந்தது என்றேன். எனக்கு அப்போதுதான் அது தெளிவாகத் தெரிந்தது, வாயில் வந்த வேகத்துக்குச் சொன்னேன். ஏறாது, சாப்பிடுது, தூங்குது என்று என்னை எழுதினதால்தானே அந்த வரி படிப்புக்கும் பொருந்தியது. படிப்பு ஏறாது என்று எல்லாரும் சொல்வார்கள். 'படி ஏற மாட்டாள்' என்று டாக்டர் எழுதியிருந்தால், எத்தனை ஓட்டை போட்டாலும் அதைப் படிப்பு ஆக்க முடியாது. படிப்பு ஏற மாட்டாள் என்று எந்த ஊரில் சொல்கிறார்கள்? நான் ஒரு பெண் என்று எழுதியிருந்தாலே போதும், நான் மூன்றாம் வகுப்பிலேயே இருந்திருப்பேன்.

அத்தை லிஃப்ட் கதவில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெராக்ஸ் அக்கா மெஷினை நிறுத்திவிட்டாள்.

பாரத்தில் குழந்தை என்று அச்சடித்திருக்கிறதே, அதற்கு ஏறாது என்றுதானே வரும் என்று விதி சார் மெல்லிய குரலில் சொன்னார். பெரிய மேடம், குழந்தையை அடித்துவிட்டு எழுதுங்கள் என்றார். அதைக் கேட்டு அத்தைக்கு இருமல் வந்துவிட்டது. விதி சார் குழந்தை என்ற வார்த்தையின் மேல் கோடு போட்டார். பிறகு ஃபைலையும் பேனாவையும் என் மடிக்கு நகர்த்தி, நீயே எழுதிடு என்றார்.

நாற்பத்தொரு பக்கத்தில் என் கையெழுத்தில் முதல் வரி. 'இவள் படி ஏற மாட்டாள். கீழ்த்தளம் கொடுக்கவும். நன்றாகப் படிப்பாள்.' கீழே என் பெயரை எழுதினேன். ஓட்டைக்கு எட்டவே நன்றாகத் தள்ளி எழுதினேன்.

பெரிய மேடம் வாங்கிப் படித்தார். கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்திவிட்டார்.

"ஏற மாட்டாள்னா, ஏற முடியாதவள் மாதிரி இல்லையேம்மா. வீம்புக்கு ஏற மாட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கே."

நான் உட்கார்ந்திருந்த படியைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"அப்படியே இருக்கட்டும் மேடம்," என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். நான் வலதுபக்கத்துத் தடியை எடுத்து வழி விட்டேன்.